பொத்தானின் பூர்வோத்தரம்

தையற்கடை என்பது துணியை மட்டுமன்றி ஊர் விவகாரங்களையும் வெட்டித் தைப்பதற்கு ஏற்ற இடம். சென்ற மாதம் தூத்துக்குடியில் அப்படிப்பட்ட ஒரு கடையின் பலகையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு பையன் குனிந்த தலை நிமிராமல் காஜா எடுத்துக்கொண்டிருந்தான். அப்போது கடற்கரைத் தெருவிலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். கையில் ஒரு பள்ளிப் பிள்ளையின் சட்டை. பின்னால், கல்லூரியில் படிக்கும் பேத்தி.

"அண்ணாச்சி, சின்னவன் சட்டையிலே மேல் பொத்தான் தெறிச்சுப் போச்சு. ஒண்ணு வச்சுத் தாங்க" என்றார் மூதாட்டி.

பேத்திக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆச்சி, பொத்தான் இல்லை, பட்டன்! நாலு பேர் இருக்கிற இடத்தில் இப்படிப் பேசாதீங்கன்னு எத்தனை தரம் சொல்றது?" என்று தணிந்த குரலில் கடிந்துகொண்டாள்.

"எனக்கு இங்கிலீஷ் எங்கே அம்மா வாயிலே நுழையுது?" என்று மூதாட்டி சிரித்தார். ஆனால், அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை. சட்டையைப் பலகைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டார்.

பலகையின் மறு கோடியில் ஒரு பெரியவர் இருந்தார். தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மனம் பொறுக்கவில்லை. "பெண்ணே, உன் ஆச்சி சொன்னதுதான் சரி. பொத்தான் என்பது கலப்பற்ற தமிழ்ச் சொல். வாயைப் பொத்துகிறோம், காதைப் பொத்துகிறோம் அல்லவா? சட்டையைப் பொத்துவது பொத்தான். அதைக் கேட்டுத்தான் இங்கிலீஷ்காரன் பட்டன் என்றான்!" என்றார்.

கடைக்காரர் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. "எந்தப் பேர் சொன்னாலும் கூலி ஒண்ணுதான்" என்று சொல்லி, டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைப் பொத்தானைத் தேடி எடுத்தார்.

நேயர்களே! இந்தச் சிறு வழக்கில் மூன்று கட்சிகள் இருக்கின்றன. பொத்தான் என்பது இங்கிலீஷ் 'பட்டன்' சிதைந்த உருவம் என்பது பேத்தியின் கட்சி. அது தனித் தமிழ் என்பது ஆசிரியரின் கட்சி. தாம் பேசத் தெரியாதவர் என்பது மூதாட்டியின் கட்சி. மூன்றும் தவறு என்பதே என் துணிபு. மூவரிலும் அதிகமாகத் தவறியவர் அந்த மூதாட்டிதான். மற்றவர்கள் ஒரு சொல்லைப் பற்றித் தவறினார்கள், அவரோ தம்மைப் பற்றியே தவறாக எண்ணிக்கொண்டார். ஆகையால் இந்த வாரம் பொத்தானின் பூர்வோத்தரத்தைச் சிறிது விசாரிப்போம்.

முதலில் ஆசிரியர் ஐயாவின் கட்சியை எடுத்துக்கொள்வோம். பொத்துதல் என்றால் மூடுதல் என்பது வாஸ்தவமே. ஆனால் அந்த வினையிலிருந்து ஒரு கருவியின் பெயர் பிறப்பதானால், மூடுவது மூடி ஆனதுபோல, பொத்துவது பொத்தி ஆகவேண்டும். 'பொத்தான்' என்று முடிந்தால் இலக்கணம் வேறு பொருளைத் தருகிறது. வாரான் என்றால் வரமாட்டான். செய்யான் என்றால் செய்யமாட்டான். அந்தக் கணக்கில் பொத்தான் என்றால் பொத்தமாட்டான் என்றல்லவா ஆகிறது! சட்டையை மூடவேண்டிய சாமானுக்கு 'மூடமாட்டான்' என்று நம் முன்னோர் பெயர் வைத்திருப்பார்களா?

இன்னும் ஒன்று. சாமான் இருந்தால்தானே பெயர் இருக்கும்? நம் நாட்டு உடை பெரும்பாலும் சுற்றுவது, செருகுவது, முடிவது என்ற மூன்று தொழில்களில் அடங்கிவிடுகிறது. வேட்டிக்கும் சேலைக்கும் மேலாடைக்கும் பொத்தான் வேண்டியதில்லை. கஞ்சுகம், மெய்ப்பை என்று தைத்த உடைகளுக்குப் பழைய நூல்களில் பெயர்கள் உண்டு. அங்கி தரித்தவர்கள் அதன் இரு ஓரங்களையும் நாடாவால் முடிந்துகொண்டார்கள். சிப்பியில் செய்த பொத்தான் போன்ற அணிகள் சிந்து வெளியிலேயே அகப்பட்டிருக்கின்றன. ஆயினும் அவை அழகுக்காகத் தைக்கப்பட்டவை. ஒரு பக்கம் பொத்தானும் மறு பக்கம் அதற்கென்று துவாரமுமாக வைத்து, உடம்போடு ஒட்டிய சட்டையைத் தைக்கும் வித்தை ஐரோப்பாவில் 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் பரவியது. அந்தச் சட்டை இங்கே வந்தபோது பொத்தானும் வந்தது. பொத்தானோடு அதன் பெயரும் வந்தது.

கொண்டுவந்தவர் யார் என்பதுதான் கேள்வி. இங்கிலீஷ்காரர் என்கிறாள் பேத்தி. இங்கே சாட்சி சொல்ல வேண்டியது நம் நாக்கு.

தகரமும் டகரமும் எப்படிப் பிறக்கின்றன என்று தொல்காப்பியர் காலத்திலிருந்தே நம் இலக்கணம் சொல்லி வருகிறது. நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தினால் தகரம். அண்ணத்தைப் பொருந்தினால் டகரம். இங்கிலீஷ்காரரின் நாக்கு இவ்விரண்டுக்கும் நடுவே, பல்லுக்கு மேலுள்ள ஈற்றில் போய் முட்டுகிறது. அந்த ஒலி நம் காதில் டகரமாகவே விழும். கோட்டு, ஷர்ட்டு, டிக்கட்டு, கோர்ட்டு, டாக்டர் என்று எந்த இங்கிலீஷ் சொல்லை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். யாராவது கோத்து என்றும் திக்கத்து என்றும் சொல்லக் கேட்டதுண்டா? படிக்காத பாமரர்கூடச் சொல்வதில்லை. இங்கிலீஷ் 'பட்டன்' பாமரர் வாயில் சிதைந்திருந்தால் பட்டனு என்றோ பொட்டான் என்றோ சிதைந்திருக்கும். பொத்தான் ஆகியிராது.

ஐரோப்பியரில் நம்மைப்போலவே பல்லில் நாக்கை வைத்துத் தகரத்தை உச்சரிப்பவர்கள் போர்ச்சுகீசியர். அவர்களிடமிருந்து வந்த சொற்களைப் பாருங்கள்: பாதிரி, சப்பாத்து, கிராதி, வராந்தா. எல்லாவற்றிலும் தகரம். இலங்கைத் தமிழர் நாற்காலியைக் கதிரை என்கிறார்களே, அதுவும் அந்த வகை. கப்பல் தலைவனுக்குப் பழைய தமிழில் கப்பித்தான் என்று பெயர். போர்ச்சுகீசியரின் 'கப்பித்தாவ்ம்' என்பதிலிருந்து வந்தது. அதே ஆளைப் பின்னால் இங்கிலீஷ்காரர் வழியாக அறிந்தபோது கேப்டன் என்றோம். தகரம் போய் டகரம் வந்துவிட்டது! கப்பித்தானும் கேப்டனும் எப்படியோ, அப்படியே பொத்தானும் பட்டனும். போர்ச்சுகீசிய மொழியில் பொத்தானுக்குப் பெயர் 'பொத்தாவ்ம்'. மூக்கால் முடியும் அந்த ஓசையைத் தமிழ் நாக்கு கப்பித்தானில் செய்ததுபோலவே இதிலும் 'ஆன்' என்று நிறுத்திக்கொண்டது. சில வீடுகளில் வழங்கும் பித்தான் என்ற உருவத்திலும் தகரம் நிலைத்திருப்பதைக் காணலாம்.

தூத்துக்குடியில் இதற்கு உயிருள்ள சாட்சியமும் இருக்கிறது. நகரசபைத் தலைவராக இருந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்துவின் பெயரை அவ்வூரார் நன்றியோடு சொல்வார்கள். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் பெர்னாண்டோ என்று டகரம் போட்டுப் படிக்கிறார்கள். கடற்கரையில் வழிவழியாக வந்தவர்களோ பர்னாந்து என்கிறார்கள். எது மூலத்துக்குக் கிட்டியது என்றால், கடற்கரைக்காரர் சொல்வதுதான்!

* * *

இனி அந்தக் கடற்கரைக்கே போவோம்.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498-இல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குள் போர்ச்சுகீசியர் மன்னார் வளைகுடாவில் வேரூன்றிவிட்டார்கள். முத்துக் குளிக்கும் உரிமையைப் பற்றி மூண்ட சச்சரவில் பரதவ குலத்தார் அவர்களுடைய துணையை நாடினார்கள். 1535-க்கும் 1537-க்கும் இடையில் திரள் திரளாகக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார்கள். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்ற ஏழு துறைகளும் பறங்கியரின் வரைபடத்தில் 'முத்துக் குளிக்கும் கரை' என்று இடம் பெற்றன. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார்.

அவருக்குப் பின் வந்த அண்டிறீக்கி அடிகளார் என்னும் என்றிக்கே என்றிக்கஸ், புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்றார். தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துக்களில் அச்சாயிற்று. இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அதுவே. இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனில் தோன்றியது 1600-இல். அவர்கள் சென்னையில் கால் ஊன்றியது 1639-இல். ஆக, முதல் இங்கிலீஷ்காரன் தமிழ்நாட்டில் கோட்டுப் பட்டனைக் கழற்றிக் காற்று வாங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, முத்துக் குளிக்கும் கரையில் பறங்கிச் சட்டையும் பறங்கிப் பேச்சும் பழகிப் போயிருந்தன.

நடுவில் ஒல்லாந்தர் வந்தார்கள். 1658-இல் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். இங்கிலீஷ்காரர் இடையிடையே அதைப் பறித்தும் திருப்பிக் கொடுத்தும் வந்து, 1825-இல் நிரந்தரமாக ஏற்றுக்கொண்டார்கள். ஒல்லாந்தர் பாஷையில் பொத்தானுக்கு 'க்னோப்' என்று பெயர்; முடிச்சு என்ற பொருளும் அதற்கு உண்டு. ஊரை ஆண்டவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுடைய 'க்னோப்' நம் சட்டையில் ஏறவில்லை. காரணம் வெளிப்படை. அந்த இடத்தில் பொத்தான் முன்னதாகவே தைக்கப்பட்டுவிட்டது! கோட்டையைப் பிடிப்பதைக் காட்டிலும் ஒரு வீட்டுச் சொல்லை அப்புறப்படுத்துவது கஷ்டமான காரியம்.

போர்ச்சுகீசியக் கப்பல் போன வேறு துறைகளிலும் விசாரித்துப் பார்க்கலாம். சிங்களத்தில் பொத்தானுக்குப் பெயர் 'பொத்தம'. வங்காளியில் 'போதாம்'. இரண்டிலும் தகரம்தான். ஜப்பானில் 'போத்தன்'. முத்துக் கரையில் ஊழியம் செய்த சவேரியாரே 1549-இல் ஜப்பானில் ககோஷிமாவில் போய் இறங்கினார் என்பதை நினைத்தால், உலகம் எவ்வளவு சிறியது என்று தோன்றுகிறது. இங்கிலீஷ் வழியாகவே சொல்லைப் பெற்ற இந்தியிலோ 'பட்டன்' என்று டகரம் ஒலிக்கிறது. வங்காளத்தை நான் விசேஷமாகக் குறிப்பிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. தூத்துக்குடிக் கடலில் எடுத்த சங்குதான் காலங்காலமாக வங்காளத்துச் சுமங்கலிகளின் கையில் வளையாகிறது. சங்கு இங்கிருந்து அங்கே போயிற்று. பொத்தானோ இரண்டு ஊருக்கும் ஒரே கப்பற்காரரிடமிருந்து வந்தது.

* * *

சரி, பொத்தானும் பட்டனும் பகையாளிகளா என்றால், இல்லை, இரண்டும் பங்காளிகள். பழைய பிரெஞ்சு மொழியில் தள்ளுதல், முட்டுதல் என்று பொருள்படும் ஒரு வினை இருந்தது. கிளையை முட்டிக்கொண்டு வெளியே வருவது எதுவோ, அதற்கு அந்த வினையிலிருந்து ஒரு பெயர் பிறந்தது. அதாவது, மொட்டு! சட்டையின்மேல் மொட்டுப்போல் புடைத்து நிற்பதற்கும் அதே பெயரை வைத்தார்கள். பிரெஞ்சுக்காரரிடமிருந்து இங்கிலீஷ்காரர் அதைக் கடன் வாங்கிப் பட்டன் ஆக்கினார்கள், போர்ச்சுகீசியரும் வாங்கினார்கள். ரோஜா மொட்டையும் சட்டைப் பொத்தானையும் போர்ச்சுகீசியர் இன்றும் ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். முதிராத சிறு காளானுக்கு இங்கிலீஷில் பட்டன் என்ற அடை உண்டு. அதிலும் மொட்டு என்ற பழைய பொருளே ஒளிந்திருக்கிறது.

ஆகவே, 'பட்டன்' என்று சொன்னால் கௌரவம், 'பொத்தான்' என்று சொன்னால் இழுக்கு என்று எண்ணுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலீஷ்காரருக்கும் அது சொந்தச் சரக்கு அன்று. அவர்களும் கடன்காரர்கள், நாமும் கடன்காரர்கள். ஒரு கடன்காரனைப் பார்த்து இன்னொரு கடன்காரன் வெட்கப்படுவானேன்?

பட்டனை வைத்து இங்கிலீஷில் ஒரு வேடிக்கையான வழக்கும் இருக்கிறது. ஓடப் பார்க்கிறவனைக் கோட்டுப் பொத்தானில் பிடித்து நிறுத்தி வைத்து ஓயாமல் பேசுவதற்கு அவர்கள் பாஷையில் தனியாக ஒரு வினைச் சொல்லே ஏற்பட்டுவிட்டது. கோல்ரிட்ஜ் என்ற கவி இப்படித் தம் நண்பர் சார்லஸ் லாம்பின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி பேச ஆரம்பித்தாராம். லாம்ப் பேனாக்கத்தியால் அந்தப் பொத்தானை அறுத்துக் கவியின் கையிலேயே விட்டுவிட்டு, தம் காரியத்தைப் பார்க்கப் போய்விட்டார். வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, கவி அதே இடத்தில் பொத்தானும் கையுமாகப் பேசிக்கொண்டே நின்றாராம்! கதை என்றாலும் ரசமான கதை. நம்மில் மேல்வேட்டி அணிபவர்களுக்கு இந்த வசதி இல்லை. வேட்டியையே விட்டுவிட்டு ஓடவேண்டியதுதான்.

பொத்தானைச் சொன்ன பிறகு அது நுழையும் துவாரத்தைச் சொல்லாமல் விடலாமா? தையற்காரர்கள் அதைக் காஜா என்கிறார்கள். தையற்கடையில் சேரும் பையனுக்கு முதல் பாடமே காஜா எடுப்பதுதான். இந்தியில் அது காஜ். அதுவும் போர்ச்சுகீசியச் சொல்லே. அவர்கள் பாஷையில் 'காஸா' என்றால் வீடு. பொத்தான் துவாரத்தையும் பொத்தானின் வீடு என்ற கருத்தில் 'காஸா' என்றே சொல்கிறார்கள். எவ்வளவு அழகான எண்ணம்! கடையின் தரையில் குனிந்து உட்கார்ந்து நாளெல்லாம் ஊசி குத்தும் அந்தப் பையன் மொட்டுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். இது அவனுக்குத் தெரியாது; சட்டையைப் போட்டுக்கொள்ளும் நமக்கும் தெரியாது.

முத்துக் கரையைப் பற்றிப் பேசும்போது, "முத்துச் சிப்பியில்தானே நல்ல பொத்தான் செய்வார்கள்? அப்படியானால் தூத்துக்குடியே பொத்தானுக்குத் தாயகம் ஆயிற்றே" என்று சிலர் கேட்கக்கூடும். இங்கேதான் விதியின் விளையாட்டைப் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் சிப்பி உருவத்தில் சிறியது, ஓடும் மெல்லியது. முத்து உயர்ந்தது, ஓட்டுக்கு மதிப்பு அதிகமில்லை. முத்துப் பொத்தானுக்குத் தடித்த பெரிய ஓடு வேண்டும். ஆஸ்திரேலியாவின் வடமேற்கே புரூம் என்ற ஊர் அப்படிப்பட்ட சிப்பிக்குப் பேர் பெற்றது. அங்கே முத்து தற்செயல், ஓடுதான் வியாபாரம். பிளாஸ்டிக் பொத்தான் பெருகியதும் அந்த வியாபாரமும் நொடித்துவிட்டது. இங்கே 1955 முதல் 1961 வரை நடந்ததே தமிழ்நாட்டுக் கடலில் கடைசியாக நடந்த பெரிய முத்துக் குளிப்பு. முத்து எடுத்த கரைக்கு முத்துப் பொத்தான் கிட்டவில்லை. பொத்தானின் பெயர் மட்டும் கிட்டியது.

* * *

"அந்நியத் துணியை அகற்ற வேண்டும் என்று போராடிய தேசத்தில் அந்நியச் சொல்லை மட்டும் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?" என்று ஒரு கேள்வி எழுவது நியாயமே. தூத்துக்குடியில் நின்று இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கு அதிக சிரமம் வேண்டாம்.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி வ. உ. சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மறு ஆண்டு காலியா, லாவோ என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளையர் கம்பெனிக்கு எதிராக அவை ஓடின. அந்தக் கப்பல்கள் எங்கே கட்டப்பட்டவை? ஐரோப்பாவில்! நீராவி யந்திரம் யார் கண்டுபிடித்தது? ஐரோப்பியர்! அதனால் அது சுதேசிக் கப்பல் ஆகாமல் போய்விட்டதா? கட்டியவன் யார் என்று வ. உ. சி. கேட்கவில்லை, செலுத்துகிறவன் யார், ஆதாயம் யாருக்கு, கப்பலில் ஏறுகிறவனுக்கு மரியாதை உண்டா என்றே கேட்டார். 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் தேதி கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் தொடங்கியபோதும் அவர் எழுப்பியது அதே கேள்விதான். நூல் நூற்ற யந்திரத்தோடு அவருக்குப் பகை இல்லை. அதன் அருகே நின்ற மனிதனைத் துச்சமாக நடத்தியதோடுதான் பகை. மார்ச் 12-ஆம் தேதி அவர் கைதானார். அவர் சிறையில் இருந்தபோதே கம்பெனியும் கலைந்துபோயிற்று.

இன்னொரு சம்பவமும் நினைவுக்கு வருகிறது. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் காந்தியடிகள் சட்டையையும் தொப்பியையும் துறந்து முழத்துணிக்கு மாறினார். அன்று முதல் அவர் உடையில் பொத்தானுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஆனால் பொத்தான் அந்நியம் என்பதற்காக அவர் அதைத் துறக்கவில்லை. முழுச் சட்டைக்கு வகையில்லாத ஏழைகளை நினைத்துத் துறந்தார். அவரைப் பின்பற்றிக் கதர் உடுத்திய லட்சக்கணக்கானவர்கள் கதர்ச் சட்டைக்குப் பொத்தான் வைத்துத்தான் தைத்துக்கொண்டார்கள். சுதேசியம் என்பது வெளியிலிருந்து வந்ததையெல்லாம் வீசி எறிவது அன்று என்பதற்கு இவ்விரண்டு பெரியாரும் போதிய சாட்சி. பிறருக்கு முன்னால் நம்மவர் தலை குனியாமல் இருப்பதே சுதேசியம்.

நம் இலக்கணக்காரர்களும் இந்த விஷயத்தில் பரந்த மனம் படைத்தவர்கள். சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காக வகுத்து, சுற்றுப்புறத் தேசங்களிலிருந்து வந்து வழங்கும் சொற்களுக்குத் திசைச்சொல் என்று வீட்டிலேயே ஓர் அறை ஒதுக்கி வைத்தார்கள். வந்தவனைத் துரத்தவும் இல்லை. வந்தவனைக் கண்டு வீட்டுக்காரன் கூசி நிற்கவும் இல்லை. மேசை, ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அந்த அறையில் பொத்தானோடு குடியிருப்பவைதான். மேசை என்று சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை. சாவி என்று சொன்ன பாட்டியை எந்தப் பேத்தியும் கடிந்துகொள்வதில்லை. பொத்தானுக்கு மட்டும் இந்தக் கதி வந்ததற்குக் காரணம், பக்கத்தில் பட்டன் என்ற பங்காளி வந்து நின்றதுதான். இரண்டும் ஒரே சாயல். ஆகவே, ஏழை வீட்டுப் பிள்ளையைப் பணக்கார வீட்டுப் பிள்ளையின் பழைய சட்டையைப் போட்டவன் என்று எண்ணிவிடுவதுபோல, பொத்தானைப் பட்டனின் கந்தல் என்று எண்ணிவிட்டார்கள்.

* * *

கடைக்காரர் பொத்தானைத் தைத்து நூலைப் பல்லால் கடித்து அறுப்பதற்குள், இவ்வளவையும் சுருக்கமாக அவர்களிடம் சொன்னேன். ஆசிரியர் ஐயாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். ஆனாலும், 'பொத்தான் என்றால் பொத்தமாட்டான்' என்ற இலக்கணத்தை மட்டும் அவரால் மறுக்க முடியவில்லை. "எதிர்மறை வினைமுற்று! வாஸ்தவம், வாஸ்தவம்" என்று இரண்டு தரம் சொல்லித் தலையை ஆட்டினார்.

பேத்தி புத்திசாலிப் பெண். "அப்படியானால் நான் பட்டன் என்று சொல்வது தப்பா, ஸார்?" என்று கேட்டாள்.

"தப்பு இல்லை, அம்மா. இங்கிலீஷ் பேசும்போது பட்டன் என்று சொல். உன் ஆச்சியிடம் பேசும்போது ஆச்சி சொல்லுகிறபடி சொல். அவர் சொல்வது இங்கிலீஷ் கப்பல் இந்தத் துறைக்கு வருமுன்பே வந்து இறங்கிய சொல். உன் வீட்டில் அதைப் பத்திரமாக வைத்திருப்பவர் அவர்" என்றேன்.

மூதாட்டி அதுவரையில் ஒன்றும் பேசவில்லை. சட்டையை வாங்கி, புதிதாகத் தைத்த பொத்தானைக் காஜாவில் போட்டு, சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல், "எலெக்‌ஷனிலே ஓட்டுப் போடப் போனேனே, அங்கேயும் 'ஆச்சி, நீலப் பொத்தானை அமுக்குங்க' என்றுதானே சொன்னாங்க?" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. 1982-இல் கேரளத்துப் பரவூரில் பரீட்சை பார்க்கப்பட்ட வாக்கு இயந்திரம், 2004-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தேசத்தின் எல்லாத் தொகுதிகளுக்கும் வந்துவிட்டது. கப்பித்தான்களின் சட்டையில் ஏறி இக்கரைக்கு வந்த சொல், இப்போது ஆட்சியாளரை நியமிக்கவும் நீக்கவும் ஒரு குடியானவளின் விரலுக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"அப்போ நான் தப்பாச் சொல்லலை" என்றார் மூதாட்டி, பேத்தியைப் பார்த்து.

"இல்லை, ஆச்சி" என்றாள் பேத்தி. இருவரும் கடற்கரைத் தெருப் பக்கம் நடந்தார்கள். சற்றுத் தூரம் போனதும் அந்தப் பெண் ஏதோ கேட்க, மூதாட்டி கையை ஆட்டி விளக்கிக்கொண்டே போவது தெரிந்தது. அந்த வீட்டில் இன்னும் என்னென்ன சொற்கள் பத்திரமாக இருக்கின்றனவோ, இனிமேல் அவை ஒவ்வொன்றாக வெளியே வரும் என்று நம்புகிறேன்.